கையில் 50 லட்சம்: சோலாரா, ஃபேனா, வெள்ளை மாடியா?

ஒரு கல்லூரி நிர்வாகம் கரண்ட் பில்லைக் குறைக்க 50 லட்ச ரூபாய் ஒதுக்குகிறது. கூட்டம் கூடுகிறது. தேநீர் வருவதற்குள் முடிவும் வந்துவிடுகிறது: சோலார் போட்டுவிடலாம். மாடி சும்மாதான் கிடக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமில்லை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டவும் வசதியாக இருக்கும். நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படியான கூட்டங்களில் சோலாருக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். சோலார் தவறான முடிவு இல்லை. முதலில் அதைச் செய்வதுதான் தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்லப் பார்க்கிறேன்.

கணக்குக்கு ஒரு வளாகத்தை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுச் சமவெளியில் எங்கோ ஓர் ஊர். 3,000 மாணவர்கள், அதில் 1,000 பேர் விடுதியில். மூன்று நான்கு மாடிக் கட்டிடங்கள், எல்லாமே காங்கிரீட் கூரை, மொத்த மொட்டைமாடி 40,000 சதுர அடி. உயரழுத்த மின் இணைப்பு. ஒரு யூனிட் 8 ரூபாய். எல்லாம் கைக்கணக்குதான். உங்கள் கல்லூரி பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆனாலும் வரிசை பெரிதாக மாறாது என்பது என் கணிப்பு.

முதலில் சோலார். கல்லூரி அளவில் போடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 50,000 ரூபாய் ஆகும். நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், வருடத்துக்கு 1,400 யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு லட்ச ரூபாய்க்கு 2,800 யூனிட். போட்ட பணம் நாலரை வருடத்தில் திரும்பிவிடும், பேனல் 25 வருடம் உழைக்கும். காகிதத்தில் இதை விட நல்ல முதலீடு இல்லை.

ஆனால் கல்லூரி காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோலார் நன்றாக விளையும் மாதங்கள் மார்ச் முதல் மே வரை. மே மாதம் வகுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை, செமஸ்டர் விடுமுறை என்று சூரியனுக்கு லீவு இல்லாத நாட்களில் நமக்கு லீவு. விளைவதில் மூன்றில் ஒரு பங்கு வளாகத்துக்குள் செலவாகாமல் போனால், பணம் திரும்ப ஆறரை வருடத்துக்கு மேல் ஆகிவிடும். மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் நெட் மீட்டர் வசதி உயரழுத்த இணைப்புக்கும் அப்படியே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். விதிகள் இணைப்பின் வகைக்கு ஏற்ப மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு விஷயமும் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, இணைந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி போட வேண்டும். 'சோலார் போட்டால் டீசல் மிச்சம்' என்று நினைத்து வாங்கியவர்கள் முதல் மின்வெட்டிலேயே மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஃபேனுக்கு வருவோம்.

நம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் தொங்கும் பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் வைத்த விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். வித்தியாசம் 45 வாட். விலை சுமார் 3,000 ரூபாய். எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் கணக்கே இருக்கிறது. வகுப்பறை விசிறி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் ஓடினால் 72 யூனிட் மிச்சம். விடுதி விசிறி 14 மணி நேரம், 270 நாள் ஓடும். 170 யூனிட் மிச்சம். ஒரு லட்ச ரூபாய்க்கு 33 விசிறிகள் வாங்கலாம். வகுப்பறையில் மாட்டினால் சுமார் 2,400 யூனிட். சோலாரை விடக் கொஞ்சம் குறைவு. விடுதியில் மாட்டினால் 5,600 யூனிட்; சோலாரைப் போல் இரண்டு மடங்கு. போட்ட பணம் இரண்டே கால் வருடத்தில் திரும்பிவிடும்.

அதிலும் விடுதியின் செலவு பெரும்பாலும் இரவில். இரவில் சோலார் பேனல் ஒரு யூனிட்டும் தராது. மாடி முழுக்கப் பேனல் போட்டாலும் ராத்திரி 11 மணிக்கு 600 அறைகளில் சுழலும் விசிறிக்கு மின்வாரியத்திடம்தான் வாங்க வேண்டும். அந்த யூனிட்டைக் குறைக்கும் வேலை ஃபேனால்தான் ஆகும்.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் குறை ரிமோட். பி.எல்.டி.சி. ஃபேன் ரிமோட்டோடு வரும். விடுதி அறையில் அது ஒரு மாதம் தாங்காது. வகுப்பறையில் ஒரு வாரம். சுவரில் உள்ள ரெகுலேட்டரிலேயே வேகம் மாற்றக்கூடிய மாடல்கள் கிடைக்கின்றன, டெண்டரில் அதைத்தான் கேட்க வேண்டும். இரண்டாவது, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் அது எரிந்துபோகும். வழக்கமான மின்விசிறியை நம் எலக்ட்ரீஷியன் ஒரு கண்டன்சர் மாற்றி ஓடவிட்டுவிடுவார். இதில் போர்டையே மாற்ற வேண்டும். எனவே வாரண்டி எத்தனை வருடம், போர்டு தனியாக என்ன விலை என்ற இரண்டையும் விலைப்புள்ளியிலேயே வாங்கிவிட வேண்டும். வகுப்பறை விசிறிகளை ஒரேயடியாகக் கழற்றிப் போட வேண்டியதில்லை. பழுதாகும் ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் புதியதை மாட்டிக்கொண்டே வந்தால் பராமரிப்புப் பணத்திலேயே நாலைந்து வருடத்தில் வேலை முடிந்துவிடும்.

இதுவரை சொன்னது பில்லில் தெரியும் லாபம். இனிச் சொல்லப்போவது பில்லில் தெரியாத லாபம். என் அனுபவத்தில் பெரியது இதுதான்.

மேல்மாடி வகுப்பறையில் மார்ச் மாதம் மதியம் 2 மணிக்குப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் மதியத்தில் வெறும் காங்கிரீட் மாடியின் மேற்பரப்பு 55, 60 டிகிரி வரை போகும். அந்தச் சூடு கூரைக்குள் மெதுவாக இறங்கி, சில மணி நேரம் கழித்து உள்ளே வருகிறது. வகுப்பறையில் மாலை வகுப்பைக் கெடுக்கிறது. விடுதியில் இரவு 10 மணிக்குக் கூரையே அடுப்பாகிறது. மேல்மாடி அறைக்காரர்கள் பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவது அதனால்தான். அந்த அறைகளில் ஃபேன் சுற்றினால் இறங்குவதும் சூடான காற்றுதான். இரண்டு மூன்று கோடை இப்படிப் போன பிறகு பெற்றோர் கேட்கிறார்கள், மாணவர்கள் கேட்கிறார்கள், நிர்வாகம் ஏசி போடுகிறது.

அந்த ஏசியின் கணக்கைப் பாருங்கள். 60 மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து மட்டும் சுமார் 100 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. 60 பேருக்கு 6 கிலோவாட். கூரை, ஜன்னல், சுவர் எதையும் சேர்க்காமல், ஆட்களின் சூட்டை எடுக்க மட்டுமே ஒன்றே முக்கால் டன் குளிர்ச்சி வேண்டும். எல்லாம் சேர்த்தால் அந்த அறைக்கு ஒன்றரை டன் ஏசி மூன்று. ஒரு ஏசி சராசரியாக 1.3 கிலோவாட் எடுத்து, நாளுக்கு 6 மணி நேரம், 180 நாள் ஓடினால் சுமார் 1,400 யூனிட். மேலே சோலாருக்குச் சொன்ன எண்ணும் இதுதான். ஒரு கிலோவாட் சோலார் ஒரு வருடம் முழுக்கத் தருவதை ஒரு ஏசி தின்றுவிடுகிறது. மூன்று ஏசி போட்ட ஒரு வகுப்பறை, ஒன்றரை லட்ச ரூபாய் சோலாரை விழுங்கிவிடும். பத்து வகுப்பறைக்கு 30 கிலோவாட்.

ஆகவே, போட்ட ஏசியைச் சோலாரால் ஓட்டுவதா, ஏசியே தேவைப்படாத மாதிரி அறையை வைத்துக்கொள்வதா என்பதுதான் இந்த 50 லட்சத்தின் மையக் கேள்வி. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. கதவு ஜன்னல் சாத்திய அறையில் 60 பேர் ஒரு மணி நேரம் மூச்சுவிட்டால் கரியமில வாயு ஏறி, மூன்றாவது வரிசையிலிருந்து கண்கள் சொக்க ஆரம்பிக்கும். குளிர்ந்த வகுப்பறையில் பாடம் நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

அறையைச் சூடேறாமல் வைக்க மலிவான வழி, மாடிக்கு வெள்ளை அடிப்பது. இது நமக்குப் புதிதல்ல. மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய வகைக் கூரை கட்டிய காலத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து மேலே தட்டோடுகளைப் பதித்தார்கள். கோடைக்கு முன் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. காங்கிரீட் வந்த பிறகு அந்தக் கனமான மேற்பூச்சு மெலிந்து, கடைசியில் பல கட்டிடங்களில் காணாமலே போய்விட்டது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு மாடியின் மேற்பரப்புச் சூட்டை 15, 20 டிகிரி குறைக்கும். கீழே அறையில் 2 முதல் 4 டிகிரி வித்தியாசம் தெரியும். மேல்மாடியில் மட்டும்தான். அதற்குக் கீழ் தளங்களில் ஒன்றும் தெரியாது, இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு மிக மலிவு, ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரைந்துபோகும். கடையில் கிடைக்கும் கூல் ரூஃப் பெயின்ட் சதுர அடிக்குக் கூலியோடு 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாலு வருடம் வரும். தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன் ஒரு தடவை கழுவிவிட வேண்டும். வெள்ளை ஓட்டுச் சில்லுகளைப் பதிப்பது செலவு அதிகம், ஆயுளும் அதிகம். ஒழுகும் மாடியை எப்படியும் செப்பனிடப் போகிறீர்கள் என்றால் அதையே செய்துவிடலாம்.

சோலார் பேனலும் மாடிக்கு நிழல்தானே, அதுவே போதாதா? பேனல் இருக்கும் இடத்தில் போதும். நம் கணக்கில் 50 லட்சத்தையும் சோலாரில் போட்டாலும் 100 கிலோவாட்தான் வரும். அது 10,000 சதுர அடியை மறைக்கும். மீதி 30,000 சதுர அடி வெயிலில் வேகும். பேனலுக்கும் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். முதலில் வெள்ளை அடித்துவிட்டு அதன் மேல் பேனல் நிறுத்தினால் இரண்டுக்கும் நல்லது. தலைகீழாகச் செய்தால், பேனல் கால்களுக்கு நடுவே குனிந்து பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்காது.

ஏசியும் ஃபேனும் சண்டைக்காரர்கள் இல்லை என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு நல்ல கட்டிடம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.இ.4. கட்டிடக்கலைப் பள்ளிக்காகக் கட்டப்பட்ட ஆறு மாடிக் கட்டிடம், 2019 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. ஒரு வருடத்தில் தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும்படி வடிவமைத்தார்கள். கூரையில் 1,200-க்கும் மேற்பட்ட பேனல்கள் உண்டு. ஆனால் வெறும் பேனலால் அது நடக்கவில்லை. கூரையை வெளியே நன்றாக நீட்டிச் சுவருக்கு நிழல் கொடுத்தார்கள். பெரும்பாலான அறைகளைத் திறந்துவைக்க முடியும். ஏசி வேண்டிய அறைகளில் காற்றை வழக்கம்போல் நடுங்கும் அளவுக்குக் குளிரவைக்காமல், மிதமாகக் குளிரவைத்து ஈரத்தைக் குறைத்து அனுப்பி, மீதி வேலையை மேலே சுற்றும் ஃபேனிடம் விட்டார்கள். முதலில் தேவையைச் சுருக்கியதால்தான் கூரையில் உள்ள பேனல் போதுமானது. வியர்வை காயாத அந்தப் புழுக்கத்திலேயே இது முடிகிறதென்றால் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் முடியும்.

இதைச் செய்ய நமக்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். ஏற்கெனவே ஏசி இருக்கும் அறையில் ஃபேனையும் ஓடவிட்டு, ஏசியை 26-இல் வைத்தால் போதும். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்கும் கையை விதி தடுக்காது. அந்தக் கை பெரும்பாலும் ஆசிரியர் கை என்பதால், இதை மாணவர்களுக்குச் சொல்வதற்கு முன் ஆசிரியர் அறையில் தொடங்குவது நல்லது.

ஜன்னல் விஷயத்தில் ஒரே ஒரு திசையைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது: மேற்கு. தெற்கு ஜன்னலுக்குச் சாதாரண சன்ஷேட் போதும், சூரியன் உயரத்தில் இருக்கும். மேற்கில் சாய்ந்து நேராக உள்ளே வருகிறது, சன்ஷேட் அதைப் பிடிக்காது. செங்குத்தான தடுப்பு, மூங்கில் தட்டி, கொடி படர்ந்த கம்பிவலை, மரம் எதுவானாலும் ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் மறைக்கிறோம், சூடு உள்ளே வந்தாகிவிட்டது. மரம் என்றால் புங்கனும் வேம்பும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை வளாகங்களில் சாய்த்துப்போட்ட மரங்களை நினைத்துப் பார்த்துவிட்டு, ஆழமாக வேர் விடும் நம் மண்ணின் மரங்களாகவே நடுங்கள். பலன் வர ஏழெட்டு வருடம் ஆகும். அதனால்தான் இந்த வருடமே நட வேண்டும்.

புதுக் கட்டிடம் கட்டப்போகும் கல்லூரிக்கு இந்தக் கட்டுரையின் கணக்குகள் பாதி தேவையில்லை. அவர்களுக்கு வரைபடத்திலேயே எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், கழிவறையும் படிக்கட்டும் மேற்கே போகட்டும், இரண்டு பக்கமும் வராந்தா இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்கள் காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கல்லூரிக் கட்டிடத்துக்கு ஒப்புதல் கொடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பு, 30 வருடத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய அபராதம்.

குளிர்சாதனம் தவிர்க்கவே முடியாத பெரிய நூலகமோ ஆய்வகக் கட்டிடமோ கட்டுபவர்கள் ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்துச் சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கட்டிடத்தின் ஒரு பாதியை நன்றாக வடிவமைத்த வழக்கமான ஏசியாலும், மறு பாதியைக் காங்கிரீட்டுக்குள் குளிர்ந்த நீர்க் குழாய் ஓடவிட்டும் குளிரவைத்தார்கள். குழாய்ப் பக்கம் 34 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுத்தது. இருக்கிற கட்டிடத்தில் இதைச் செய்வது சிரமம் என்பதால் நம் 50 லட்சத்துக்குள் இது வராது.

எல்.இ.டி. விளக்கைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. சோக் வைத்த பழைய ட்யூப் லைட் இன்னும் எங்காவது இருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். விடுதியில் குளிக்க வெந்நீருக்கு கெய்சர் வைத்திருந்தால் ஹீட் பம்ப் பாருங்கள், அதே வெந்நீருக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும்.

மீட்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வளாகம் முழுமைக்கும் ஒரே மீட்டர் இருக்கும் வரை எந்தக் கட்டிடம் எவ்வளவு தின்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனி மீட்டர் வைத்து இரவு 2 மணிக்கு ஓடும் சுமையைப் பாருங்கள். யாருமே இல்லாத நிர்வாகக் கட்டிடத்தில் 10 கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தால், அதை அணைக்க ஒரு ரூபாய்கூட முதலீடு வேண்டாம். இன்னொன்று: உயரழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை, டிமாண்டுக்கும், அதாவது ஒரே நேரத்தில் எடுக்கும் உச்சச் சுமைக்கும், கட்டுகிறோம். ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதமோ பதிவான உச்சமோ, எது அதிகமோ அதற்குப் பணம். ஃபேன் மாற்றி, ஏசியைக் குறைத்து, உச்சத் தேவையைக் கீழே கொண்டுவந்தாலும், ஒப்பந்த அளவைக் குறைக்க மின்வாரியத்துக்கு மனுக் கொடுக்காவிட்டால் அந்த லாபம் பில்லில் வராது. ஒரு வருடம் மீட்டரைப் பார்த்துவிட்டு மனுப் போடுங்கள். அவசரப்பட்டு அதிகமாகக் குறைத்துவிட்டால், மீறும் மாதங்களில் கூடுதல் கட்டணம் விழும்.

ஆக, 50 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். விடுதியில் 600 ஃபேனுக்கு 18 லட்சம். வருடத்துக்கு 1,02,000 யூனிட், 8 லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம். மாடி முழுக்க வெள்ளைப் பூச்சுக்கு 10 லட்சம். மேற்கு ஜன்னல் தடுப்புக்கும் மரக்கன்றுக்கும் 5 லட்சம். மீட்டர்களுக்கு 2 லட்சம். மீதி 15 லட்சத்துக்குச் சோலார், 30 கிலோவாட். ஏன் 30? ஞாயிற்றுக்கிழமை மதியம் வளாகத்தில் விடுதி, சமையலறை, தண்ணீர் மோட்டார், சர்வர் அறை எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடுக்கிறதோ, அந்த அளவுக்கு மட்டும் முதலில் போட்டால் ஒரு யூனிட்டும் வீணாகாது. உங்கள் வளாகத்தில் அது 20-ஆகவும் இருக்கலாம், 50-ஆகவும் இருக்கலாம், மீட்டர் சொல்லும். முதல் இரண்டு வருடம் ஃபேனில் மிச்சமாகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் அடுத்த 30 கிலோவாட்டுக்கு நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டியதில்லை.

மீட்டரை ஆனி ஆடியிலேயே மாட்டிவிடலாம். ஃபேன் மாற்ற விடுதி காலியாக இருக்கும் மே மாதம் வசதி. மரக்கன்று ஐப்பசி மழைக்கு முன் மண்ணில் இருக்க வேண்டும். பெயின்ட் மட்டும் நன்றாகக் காய்ந்த மாடியில்தான் ஒட்டும். மார்கழிப் பனி போய், பொங்கல் விடுமுறை முடிந்து, மாசி வெயில் ஏறுவதற்குள் ஒரு மாதம் கிடைக்கும். அந்த ஒரு மாதத்தில் அடிக்க வேண்டுமென்றால் டெண்டர் நவம்பரிலேயே போயிருக்க வேண்டும்.